மருதம்பட்டையும் மாத்திரையும்

மருதம் என்றதும் வயலும் வாய்க்காலும் நம் நெஞ்சில் வந்து நிற்கும். ஆற்றங்கரையில் ஓங்கி வளரும் அம்மரத்தின் பெயர் ஒரு திணைக்கே பெயராயிற்று. திருவிடைமருதூரில் அதுவே தலமரம். பிழைப்பை நாடித் தம்பானூரில் குடியேறிய எங்களுக்கும் அது அயலன்று. மலையாளிகள் அதனை நீர்மருது என்பர்.

சென்ற ஆண்டு என் தாத்தாவுக்கு இதயம் தளர்ந்தது. மருத்துவர் தந்த மாத்திரைகளை ஒழுங்காக உண்டு வந்தார். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மருதம்பட்டைத் தூளைக் கொடுத்து, "இதற்கு மேல் மருந்தே இல்லை, மாமா" என்றார். மாத்திரைகள் பரணுக்குப் போயின. பதினைந்தே நாளில் தாத்தாவின் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. மருத்துவமனையில் சேர்த்து, பழைய மாத்திரைகளால் மீண்டபின், "அப்படியானால் நம் நாட்டு வைத்தியம் பொய்யாடா?" என்று என்னைக் கேட்டார்.

வேதியியல் பயிலும் நான் விடை தேடினேன். பொய்யன்று! மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சி உண்பது பழைய ஆயுர்வேத முறை. 1995-இல் இந்தூர் மருத்துவர்கள், இதயம் மிகத் தளர்ந்த 12 பேருக்குப் பட்டையின் சாரத்தை வேளைக்கு 500 மில்லிகிராமாக நாளுக்கு மூன்று வேளை கொடுத்தனர். போலி மாத்திரையையும் மாற்றிக் கொடுத்து ஒப்பிட்டனர். பட்டை உண்டபோது நலம் தெரிந்தது. ஆனால் 2016-இல் வெளியான டில்லி ஆய்வில், 100 பேரை 12 வாரம் சோதித்தும் இதயத்தின் இறைக்கும் ஆற்றல் கூடவில்லை.

முடிவுகள் வேறுபட்டாலும் ஒன்றை நோக்குங்கள், நண்பர்களே! இரண்டு ஆய்விலும் வழக்கமான மருந்துகளை எவரும் நிறுத்தவில்லை. பட்டை அவற்றோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. பட்டையைப் புகழ்ந்த ஆய்வுகூட மாத்திரையைப் பரணில் போடச் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் நாட்டு மருந்தொன்றில் சேர்ந்த மூலிகை இலையை வில்லியம் விதரிங் ஆராய்ந்து, அளவு கண்டு, 1785-இல் நூலாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் அதே இலை கொல்லும். அச்செடியின் இனத்திலிருந்து பிறந்த டிஜாக்சின் இன்றும் இதய மருந்தாக உள்ளது. மூலிகையை மருந்தாக்கியது புகழுரையன்று, அளவீடே.

நம் மருதத்துக்கும் அந்த மரியாதையைச் செய்வோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டில் பட்டை உண்ணும் பெரியவர் இருந்தால் பழிக்க வேண்டாம். மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேளுங்கள். பட்டை உண்பதை மருத்துவரிடம் சொல்லச் செய்யுங்கள். அறிவியல் பயிலும் நம்மால் இன்றே செய்யக்கூடிய தொண்டு இது.