தட்டில் வந்த ரங்கூன்

மும்பை லோயர் பரேலில் அந்த உணவகத்தின் வாசலைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பெயர்ப் பலகை கிடையாது. பழைய மில் ஒன்றின் இரும்புக் கதவு, அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு, பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண். முன்பதிவு செய்தவர் பெயரைச் சொன்னால்தான் கதவு திறக்கும். எங்கள் பெயர் பட்டியலில் இருந்தது. பத்து நாட்களுக்கு முன்பே பேரன் பதிவு செய்துவிட்டான்.

பேரன் என்றால் என் அத்தையின் பேரன். மும்பையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தான். சென்னை வியாசர்பாடியிலிருந்து பாட்டியை ரயிலில் வரவழைத்து, "ஆயா, உனக்கு உங்க ஊர்ச் சாப்பாடு வாங்கித் தரேன்" என்றான். அத்தைக்கு 'எங்க ஊர்' என்றால் ரங்கூன். எட்டு வயது வரை அங்கே வளர்ந்தார். இப்போது 68. நான் மும்பையிலேயே குடியிருப்பவள் என்பதால் விருந்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

உள்ளே நுழைந்ததும் அத்தை அண்ணாந்து பார்த்தார். சாய்வான மில் கூரை அப்படியே இருக்கிறது. தறிகளுக்கு மேலே ஓடிய இரும்பு உத்தரங்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, அவற்றிலிருந்து மீன்பிடிக் கூடைகளை விளக்குகளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த செங்கல் சுவரை வேண்டுமென்றே பூசாமல் விட்டிருக்கிறார்கள். தேக்கு மேசைகள், பிரம்பு நாற்காலிகள், நடுவில் தாமரைக் குளம். அழகாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. "வீட்டுல சுவர் இப்படி இருந்தா வெள்ளையடின்னு திட்டுவாங்க" என்றார் அத்தை.

இந்த வட்டாரத்துக்கு மராத்தியில் கிரண்காவ் என்று பெயர், மில் கிராமம். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலை நிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அது முறைப்படி முடியவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிறகு அந்த நிலங்களில் அலுவலகக் கோபுரங்களும் வணிக வளாகங்களும் உணவகங்களும் எழுந்தன. தொழிலாளி போய்விட்டார், அவர் வேலை பார்த்த சுவர் அலங்காரமாகிவிட்டது.

இப்படிப்பட்ட உணவகங்கள் இப்போது எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. தாய்லாந்து, மலேசியா, வியட்நாம், இந்தோனேசியா, பர்மா ஆகிய நாடுகளின் சமையலை ஒன்றோடொன்று கலந்து, ஐரோப்பிய முறையில் தட்டில் அடுக்கி, 'தென்கிழக்காசிய ஃப்யூஷன்' என்று பெயரிட்டுப் பரிமாறுகிறார்கள். கலப்பு என்பதற்காக நான் முகம் சுளிக்க மாட்டேன். போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் வந்திராவிட்டால் நம் குழம்பும் இல்லை, அவர்கள் சம்பலும் இல்லை. கலக்காத சமையல் உலகத்தில் எங்கே இருக்கிறது?

மெனு கைத்தறித் துணி உறையில் வந்தது. மொழிபெயர்ப்பு என் தொழில். விலையைப் பார்ப்பதற்கு முன் வார்த்தைகளைப் பார்ப்பது என் வழக்கம். ஒரு பகுதிக்கு 'கெடாய்' என்று தலைப்பு. பரிமாற வந்த இளைஞர், "மலாய் மொழியில் தெருக்கடை என்று அர்த்தம், மேடம்" என்று பணிவாக விளக்கினார். கெடாய் வேறு ஒன்றுமில்லை, நம் கடைதான். கப்பல் 'கபால்' ஆனது போலக் கடை 'கெடாய்' ஆகி, தமிழ் வணிகர்களோடு மலாயாவில் குடியேறிய சொல். இப்போது ரொட்டிச் சனாய் மேல் நண்டும் சம்பலும் வைத்து 1,150 ரூபாய் விலையில் திரும்பி வந்திருக்கிறது.

முதலில் தேயிலைச் சாலட் வந்தது. பர்மியர்கள் தேயிலையைக் குடிப்பதோடு நிறுத்துவதில்லை. புளிக்க வைத்துத் தின்னவும் செய்கிறார்கள். அதை 'லபெ' என்பார்கள். வேர்க்கடலை, எள், வறுத்த பூண்டு, பொரித்த பருப்பு எல்லாம் சேர்ந்து லேசான கசப்பும் மொறுமொறுப்புமாக இருந்தது. உண்மையாகவே அருமை. 795 ரூபாய் என்பதை மறந்துவிட்டு அத்தை இரண்டாவது முறை எடுத்துக்கொண்டார்.

அடுத்தது கௌசுவே. அதற்காகத்தான் வந்தோம். பர்மிய மொழியில் 'ஒன்னோ' என்றால் தேங்காய்ப்பால், 'கௌசுவே' என்றால் நூடுல்ஸ். கோழியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்பைக் கடலை மாவு கரைத்துக் கெட்டியாக்கி, நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். ரங்கூனில் வியாபாரம் செய்து திரும்பிய மேமன் குடும்பங்களின் அடுப்பில் இது பல தலைமுறையாகக் கொதிக்கிறது. பெருநகர உணவகங்களில் 'கௌ சுவே' என்ற பெயரில் பெரிய புகழ். இங்கே ஒரு கிண்ணம் 945 ரூபாய். பேரன் இரண்டு சொன்னான்.

கிண்ணம் வந்தது. குழம்பின் மேல் வெள்ளை நுரை, அதன் மேல் ஒரே ஒரு பொரித்த நூடுல்ஸ் சுருள், ஊதாப்பூ ஒன்று. அத்தை பூவை எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு மேசையைச் சுற்றிக் கண்ணால் தேடினார்.

"என்ன ஆயா?"

"மத்ததெல்லாம் எங்கடா?"

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. பர்மாவில் கௌசுவே சமையலறையில் முடிவதில்லை. மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வறுத்த மிளகாய்த் தூள், பொன்னிறப் பூண்டு, நறுக்கிய வெங்காயம், அவித்த முட்டை, எலுமிச்சை எல்லாம் வைத்திருப்பார்கள். அவரவர் நாக்குக்கு ஏற்றபடி சேர்த்து, சாப்பிடுகிறவர்தான் அதை முடிக்கிறார். இங்கே எல்லாம் சமையலறையிலேயே முடிந்து, 'இதற்கு மேல் தொடாதே' என்பது போல வந்திருக்கிறது.

அத்தை பரிமாறுகிற இளைஞரைக் கூப்பிட்டார். "தம்பி, பலாச்சாங் இருக்கா?"

நான் இந்தியில் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. காய்ந்த இறாலைப் பூண்டு, மிளகாயோடு வறுக்கிற பர்மியத் தொடுகறி அது, மெனுவில் இல்லாதது. மணிப்பூர்க்காரராம். மியான்மர் எல்லையில் இருக்கும் மோரே ஊருக்குப் பல முறை போயிருக்கிறார். அங்கே தமிழர் கடையில் இட்லி சாப்பிட்டிருக்கிறார்.

மோரேயில் தமிழர்கள் இருப்பது அத்தைக்குத் தெரியும். அது அவர்களுடைய கதையின் இன்னொரு கிளை. 1962 மார்ச் மாதம் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. முகல் தெருவில் என் தாத்தா வைத்திருந்த மளிகைக் கடை அப்படித்தான் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். எங்கள் குடும்பம் 1965-ல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. துறைமுகச் சோதனையில் அத்தையின் காதில் கிடந்த தோட்டையும் கழற்றிக்கொண்டார்களாம். வந்த இடத்தில் பிழைக்க முடியாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தார்கள். எல்லையில் பர்மிய ராணுவம் திருப்பி அனுப்பியது. அவர்கள் தங்கிவிட்ட இடம் மோரே.

அத்தை கேட்டார்: "நீ ஏம்ப்பா ஊரை விட்டு வந்தே?"

நான் மொழிபெயர்த்தேன். 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் அவர் வீடு எரிந்துவிட்டது. அப்பா, அம்மா நிவாரண முகாமில். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தென்கிழக்காசிய உணவகங்களில் பரிமாற வடகிழக்கு இளைஞர்களைத் தேடி எடுக்கிறார்கள். முகச்சாயல் அலங்காரத்தோடு பொருந்துகிறதாம். அந்த முகத்துக்குப் பின்னால் எந்த ஊர் எரிந்தது என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சிறிய தட்டு இருந்தது. மிளகாய்த் தூள், வறுத்த பூண்டு, நான்காக நறுக்கிய முட்டை, எலுமிச்சைத் துண்டுகள். "பலாச்சாங் இல்லை. இது பில்லில் வராது" என்றார். அத்தை எலுமிச்சையைப் பிழிந்தார், பூண்டைத் தூவினார், நுரையைக் கலக்கினார். அதன் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தக் கைகள் கலக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சென்னைக்கு வந்ததும் என் பாட்டி, பாரிமுனைக்கு அருகே செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டி போட்டார். பர்மிய மொழியில் 'அத்தொ' என்றால் கையால் பிசைந்தது. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய், பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து, பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கொடுப்பது. கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா. 1969-ல் பர்மா பஜார் வந்தபோது வியாபாரம் சூடுபிடித்தது. பாட்டிக்குப் பிறகு அத்தை. என் அப்பா படித்ததும், நான் தமிழில் முதுகலை படித்ததும் அந்த வண்டியின் வருமானத்தில்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கல்லூரி நாட்களில் ஒருமுறை தோழிகளுடன் அந்தத் தெருவுக்கு அத்தோ சாப்பிடப் போனேன். அத்தையின் வண்டியைத் தாண்டி, நான்கு வண்டிகள் தள்ளிப் போய் நின்றேன். தோழிகள் ருசித்துச் சாப்பிட்டார்கள். இதெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அத்தை பார்த்தார், பார்க்காதது போல அடுத்த தட்டைப் பிசைந்தார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மெனுவில் கௌசுவேக்குக் கீழே 'பர்மாவின் பாரம்பரியம், எங்கள் தலைமைச் சமையல்காரரின் கற்பனையில்' என்று எழுதியிருந்தது. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் விட்டுப்போகும்போதெல்லாம் பதிப்பாளருடன் சண்டை போடுகிறவள் நான். ஓர் உணவை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தலையில் சுமந்து வந்தவர்களும் மொழிபெயர்ப்பாளர்கள்தானே? அவர்கள் பெயரை இந்த மெனு விட்டுவிட்டது என்று குற்றம் சொல்ல நினைத்தேன். நான்கு வண்டிகள் தள்ளிப் போய் நின்றவள் எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் இனிப்பு. கறுப்பரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மலாய்ப் பாயசம், 695 ரூபாய். அத்தை ஒரு கரண்டி வாயில் போட்டதும் சிரித்துவிட்டார். "இது கவுனி அரிசிடா! செட்டியார் வீட்டுக் கல்யாணத்துல போடுவாங்களே!" பர்மிய மொழியில் ஒட்டரிசிக்குப் பெயர் 'கௌக்ஞின்'. காரைக்குடிப் பக்கத்துக் கவுனியை அதன் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பில் வந்தது. சாப்பாடும் தண்ணீரும் எலுமிச்சைப்புல் பானமும் சேர்த்து 5,580 ரூபாய். தண்ணீர் மட்டும் இரண்டு பாட்டில் 500. அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், 558 ரூபாய். எல்லாவற்றின் மேலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மொத்தம் 6,445. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பேரன் அதை எடுத்துச் சொன்னதும் மேலாளர் வாதாடாமல் நீக்கிவிட்டார். 5,859 ஆனது. அத்தை தன் சுருக்குப் பையைத் திறந்து 600 ரூபாயை எடுத்து அந்த இளைஞரின் கையில் வைத்து அழுத்தினார். கணக்குப் பார்த்தால் எங்களுக்கு 14 ரூபாய் நஷ்டம்.

விலை அதிகமா? அதிகம்தான். தேங்காய்ப்பாலுக்கும் கடலை மாவுக்கும் 945 ரூபாய் ஆகாது. உணவகத் தொழிலில் பொருள் செலவு பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். மிச்சம் வாடகை, சம்பளம், மின்சாரம், அந்தத் தாமரைக் குளம். நாம் வாங்குவது சாப்பாட்டோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிரம்பு நாற்காலியும்தான். தேயிலைச் சாலட்டுக்காக இன்னொரு முறை போகலாம். கௌசுவேக்குத் தொட்டுக்கொள்ள வேண்டியதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

இரும்புக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் அத்தை மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கிண்ணம் ஒண்ணு எவ்வளவுடா?"

பேரன் தயங்கினான். பிறகு சொன்னான்.

"எங்கம்மா நாலணாவுக்கு வித்தாங்க" என்றார். வருத்தப்படப் போகிறார் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் திரும்பி, உள்ளே வரிசையாகத் தெரிந்த பிரம்பு நாற்காலிகளைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டோம், கண்ணு. நாம அப்பவே உக்கார நாற்காலி போட்டிருக்கணும்."