வாய்தா முடிந்த பிறகு

2009 தை மாதம் தீர்ப்பு வந்தது. ஒன்றரை ஏக்கரும் கிணற்றில் பாதியும் எனக்கே என்று. பதின்மூன்று வருஷ வழக்கு. வக்கீலுக்கு ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு ராத்திரியும் வழக்கம்போல மூன்று மணிக்கு விழிப்புத் தட்டியது. பங்குனி பிறப்பதற்குள் காட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். சோறு வாயில் மண்ணாக இருந்தது. பேரன் மடியில் ஏறினால் இறக்கிவிட்டேன்.

“ஏனுங்க, கேஸ்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்னத்த யோசிச்சுட்டு இருக்கறீங்க?” என்றாள் வீட்டுக்காரி. நான் எதையுமே யோசிக்கவில்லை. அதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் கரண்ட் கம்பியோடு முப்பது வருஷம் பிழைத்தவன். கம்பத்தில் ஏறுமுன் எல்.சி. வாங்க வேண்டும்; லைனை நிறுத்தியாயிற்று என்ற உறுதி கிடைக்காமல் ஏறினால் சங்குதான். தீர்ப்புக்கு ஒரு வருஷம் முன்பு ஒரு நாள், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் நிற்கிறேன், எல்.சி. வாங்கினேனா இல்லையா என்று நினைவே வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன் நடந்த காரியம். கூட வந்த பையன், “வாங்கிட்டீங்கண்ணே, நான் பக்கத்துலதான இருந்தேன்” என்றான். நான் ஏறவில்லை. வயசாகிறது என்று அதைத் தள்ளிவிட்டேன். ட்ரான்ஸ்ஃபார்மரில் ஈரம் ஏறினால் சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். அதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் மேல் மாறிய நிறம் தெரியவில்லை.

மனநல மருத்துவரிடம் மகன்தான் கூட்டிப் போனான். அவர் முதலில் வார்த்தையைப் பிரித்துக் காட்டினார். நாம் எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். வெளியிலிருந்து அமுக்குவது அழுத்தம். அமுங்கி அமுங்கி உள்ளே வந்து தங்குகிற நோய் மனச்சோர்வு. முதலாவது எல்லாருக்கும் இரண்டாவதைக் கொண்டுவராது. பிறவிக்கூறு, பிள்ளைப் பிராயத்தில் பட்டது என்று பலதும் சேர வேண்டும். சரிதான், அதே வாய்தாவுக்கு அதே பஸ்ஸில் வந்து, கடைசியில் தோற்றும் போன என் பங்காளி இன்றும் குறட்டை விட்டுத்தான் தூங்குகிறான்.

பிறகு அவர் சொன்னது எனக்கு என் தொழில் பாஷையில்தான் புரிந்தது. ஆபத்து என்றால் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை விடுகின்றன. பாம்பைப் பார்த்து ஓட அது வேண்டும். பாம்பு போனதும் நிற்க வேண்டும். ‘போதும், நிறுத்து’ என்று சொல்கிற இடங்களில் முக்கியமானது மூளையில் கடற்குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகாம்பஸ். நினைவைப் பதிகிற வேலையும் அதற்குத்தான். கார்ட்டிசாலை உணர்கிற ஏற்பிகள் அங்கே நிறைய உண்டு என்று அமெரிக்காவின் புரூஸ் மெக்கீவன் 1968-லேயே காட்டிவிட்டார். அதே காரணத்தால், வருஷக்கணக்கில் கார்ட்டிசால் ஊறினால் முதலில் அடிபடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன. நிறுத்துகிற பலம் குறைகிறது. கார்ட்டிசால் இன்னும் ஏறுகிறது. ஓவர்லோடைக் கண்டு ட்ரிப் ஆக வேண்டிய ரிலேவே கருகிப் போனால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு எல்.சி. மறந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கவனிக்கிற அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலாவில் வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது. எலியை வைத்து மனுஷனை அளக்கக் கூடாதுதான். ஆனாலும் பல வருஷம் கழித்து இதைப் படித்தபோது, தீர்ப்பு வந்த ராத்திரி நான் ஏன் மூன்று மணிக்கு விழித்தேன் என்று யாரோ சாட்சி சொன்னதுபோல இருந்தது.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, வாய் வறண்டதைத் தவிர. விட்டுவிடலாம் என்று இருந்தேன். வீட்டுக்காரி டப்பாவை அவள் முந்தானையில் வைத்துக்கொண்டு வேளை தவறாமல் எண்ணிக் கொடுத்தாள். ஐந்தாவது வாரம் ஒரு நாள் ரசத்தில் மிளகு காரம் தெரிந்தது. கூடவே நடக்கச் சொன்னார். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது: ஒரு வருஷம் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. வாய்க்கால் கரையோடு கிணறு வரை போய்த் திரும்பினால் நாற்பது நிமிஷம், அவ்வளவுதான்.

சோர்வு போய்விட்டது. மூன்று மணி விழிப்பும் எப்போதாவதுதான். தபால்காரர் மணியடித்தால் மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும். போன ஆவணியில் ஒரு நீள உறை வந்தது. அனுப்பியவர் இடத்தில் பங்காளி பேர். கிழிக்கக் கை நடுங்கியது. பேரன்தான் வாங்கிப் பிரித்தான். பங்காளியின் பேத்தி கல்யாணப் பத்திரிகை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது.