ஊருக்குப் போகாதவன் விமான நிலையத்துக்குப் போன கதை

சிங்கப்பூருக்குப் படிக்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் நான் விமானம் ஏறியது மொத்தம் ஐந்தே முறை. ஆனால் சாங்கி விமான நிலையத்துக்குப் போனது எத்தனை முறை என்று கேட்டால் எனக்கே கணக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெட்டி கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. தோளில் ஒரு பை, அதற்குள் நோட்டு, கால்குலேட்டர், ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான்.

முதல் தடவை ரூம்மேட் "எங்கடா கிளம்பிட்ட, ஊருக்கா?" என்று கேட்டான். "இல்லடா, ஏர்போர்ட்டுக்கு. படிக்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான். அடுத்த வாரம் அவனும் கூட வந்தான் :-)

காரணம் ரொம்பச் சாதாரணமானது. எங்கள் விடுதி அறையில் ஏசி கிடையாது. பரீட்சை நேரத்தில் நூலகத்தில் இடம் பிடிக்க, தீபாவளி ரிலீஸ் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் வாங்குகிற மாதிரி முண்டியடிக்க வேண்டும். விமான நிலையமோ இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். ஜில்லென்று ஏசி, சுத்தமான கழிப்பறை, இலவச வைஃபை, தேடினால் ஒரு பிளக் பாயிண்ட். தானா மேராவில் ரயில் மாறினால் இரண்டாவது நிறுத்தம். பசித்தால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கான உணவகம் இருக்கிறது. வெளியாட்களும் சாப்பிடலாம், மேலே இருக்கிற கடைகளைவிட விலை குறைவு. இங்கே படிக்கிற பாதிப் பேருக்கு இது தெரிந்த ரகசியம்தான். பரீட்சை மாதத்தில் போய்ப் பாருங்கள், பயணிகளை விட நோட்டு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் அதிகமோ என்று சந்தேகம் வரும்.

படித்துக் களைத்தால் சுற்றிப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. முதல் முனையத்தில் புறப்பாட்டுக் கூடத்துக்கு மேலே, 2012-ல் இருந்து, செம்பு நிறத்தில் 1,216 மழைத்துளிகள் கம்பியில் தொங்குகின்றன. மேலேயும் கீழேயும் அசைந்து ஒரு நேரம் விமானம் மாதிரி, இன்னொரு நேரம் காத்தாடி மாதிரி உருவம் காட்டும். பக்கத்திலேயே ஜூவல், 2019-ல் திறந்தது. அதற்குள் 40 மீட்டர் உயரத்தில் இருந்து கொட்டுகிற அருவி. குற்றாலம் பார்த்தவனுக்கு ஒரே ஒரு குறை, குளிக்க விடமாட்டார்கள். இரண்டாம் முனையத்தில் முன்பெல்லாம் விமான நேரம் காட்டுகிற பெரிய பலகை ஒன்று இருந்ததாம். எழுத்துத் தகடுகள் படபடவென்று புரளுகிற சத்தத்தைக் கேட்கவே ஜனங்கள் நிற்பார்களாம். 2020-ல் எடுத்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிஜமான சாங்கி.

அந்தப் பக்கம் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. சூரியகாந்தித் தோட்டம் இருக்கிறது. இலவச சினிமா இருக்கிறது. மொட்டைமாடியில் நீச்சல் குளம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே லவுஞ்சுகள். சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா, அள்ளி அள்ளிச் சாப்பிட நூடுல்ஸ், கேக், காபி, குளிக்க வெந்நீர். வங்கிக் கார்டு இருந்தால் ஓசியில் போகலாம், இல்லாவிட்டால் காசு கட்டியும் போகலாம். இந்தியாவில் சில கார்டுகளுக்கு வெறும் 2 ரூபாய் தேய்த்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, கையில் அன்றைய போர்டிங் பாஸ் இருக்க வேண்டும்.

என் நண்பன் ஒருவன் இருக்கிறான். சட்டத்தில் எங்கே ஓட்டை என்று பார்த்துக்கொண்டே இருப்பான். "மச்சான், திரும்பப் பணம் தர்ற டிக்கெட்டா ஒண்ணு எடு. உள்ள போ, நல்லா சாப்பிடு, நீச்சல் அடி, படி, தூங்கு. வெளிய வந்து கேன்சல் பண்ணு. பைசா செலவில்ல" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த யோசனை அவனுக்கு முன்னாலேயே பலருக்கு வந்திருக்கிறது. சீனாவில் சியான் விமான நிலையத்தில் ஒருவர் முதல் வகுப்பு டிக்கெட் ஒன்றை வாங்கி, லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டு, பயணத் தேதியை மாற்றி மாற்றி, ஒரு வருஷத்தில் 300 தடவைக்கு மேல் இப்படியே ஓட்டினார் என்று 2014-ல் செய்தி வந்தது. விமான நிறுவனம் கண்டுபிடித்ததும் டிக்கெட்டை ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். தெய்வப் பிறவி! 2016-ல் சாங்கியிலேயே ஒருவர் கம்ப்யூட்டரில் போலி போர்டிங் பாஸ் செய்து செய்து லவுஞ்சு லவுஞ்சாக 18 நாள் வாழ்ந்திருக்கிறார். அவருக்குக் கிடைத்தது இரண்டு வாரச் சிறை.

போலி பாஸ் தப்பு, சரி. நிஜ டிக்கெட், காசு கொடுத்து வாங்கியது, அதில் என்ன தப்பு என்று நானும் நினைத்தேன். தேடிப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. சிங்கப்பூரில் குடிநுழைவு தாண்டிய பகுதி முழுக்கப் பாதுகாக்கப்பட்ட இடம். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டப்படி, பறக்கிற எண்ணம் இல்லாமல் போர்டிங் பாஸைக் காட்டி உள்ளே போவதே குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இல்லையென்றால் இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். டிக்கெட் நிஜமா போலியா என்பது பேச்சே இல்லை. எண்ணம்தான் குற்றம்!

யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்தால், வரியில்லாமல் சாமான் வாங்கப் போனவர்கள் உண்டு. 2019-ல் கைதான ஒருவர் மனைவியைக் கேட் வரைக்கும் போய் வழியனுப்புவதற்காக மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு நானும் நண்பனும் விழுந்து விழுந்து சிரித்தோம். "பொண்டாட்டி மேல அவ்வளவு பாசமா!" என்று.

அந்தச் சிரிப்பு போன டிசம்பர் வரைக்கும்தான்.

போன டிசம்பரில் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். வரும்போது மாமா கூட வந்தார். லீவு முடிந்து அவர் ஒரு வாரம் முன்னாலேயே திரும்பிவிட, அம்மா தனியாகத் திருச்சிக்குப் போக வேண்டிய நிலைமை. அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. கேட் நம்பர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான். நேரம் கடைசியில் கேட்டை மாற்றினால்? விமானத்தை விட்டுவிட்டு எங்கேயாவது உட்கார்ந்திருந்தால்? நினைத்தாலே எனக்குக் கை நடுங்கியது.

நண்பன் இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னான். "டேய், இது லவுஞ்சுக்காக இல்லடா. அம்மாவுக்காக. டிக்கெட் எடு, கேட்ல உக்கார வெச்சுட்டு வந்துடு. யாரு பாக்கப் போறா?"

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் பக்கத்தில் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் நிரப்பிவிட்டேன். பணம் கட்டுகிற பொத்தான் மட்டும் பாக்கி. பக்கத்தில் தரையில் பாய் விரித்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் இங்கே மாணவர் அனுமதியில் இருப்பவன். மாட்டினால் அபராதத்தோடு போகாது. படிப்பு போகும். அந்தப் படிப்புக்காகத்தான் இரண்டு காணி நிலம் அடமானத்தில் இருக்கிறது. அம்மாவைப் பத்திரமாக அனுப்ப, அம்மா எனக்காகப் போட்டதை எல்லாம் பணயம் வைப்பதா? ஆனால் அவள் வழி தெரியாமல் திண்டாடினால் இந்தப் படிப்பு எதற்கு? இப்படியே ஒரு மணி நேரம். அந்தப் பக்கமே காலாவதியாகி, மறுபடி முதலில் இருந்து நிரப்பச் சொன்னது.

காலையில் அம்மாவிடமே சொன்னேன். நிதானமாகக் கேட்டாள். அப்புறம், "ஒங்கப்பா போனப்ப தாலுகா ஆபீசு, பேங்கு, எல்லா எடத்துக்கும் தனியாதான போனேன். அங்க யாரு வந்தா? எழுதிக் குடுடா, நான் போய்க்குவேன்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத் தாளில், தமிழில், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு. முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டணும். அப்புறம் தலைக்கு மேலே பலகை பார்க்கணும். ‘சி’ என்கிற எழுத்து பிறை நிலா மாதிரி இருக்கும் என்று படம் வரைந்தேன். இங்கே பை சோதனை கேட்டுக்குப் பக்கத்தில்தான், திருச்சி மாதிரி முதலிலேயே கிடையாது, அதனால் தண்ணீர் பாட்டிலை அங்கே வாங்கிக்கொள்வார்கள், பயப்படாதே என்றும் எழுதினேன்.

கிளம்புகிற அன்று திருச்சி விமானத்துக்கான வரிசை வழக்கம் போல ஊர்த் திருவிழா மாதிரி இருந்தது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், கம்பளி, மைலோ டின், கோடாலித் தைலம். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போகிற முகங்கள். முன்னால் நின்ற ஒருவரிடம் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, எந்த ஊரு?" "தொறையூரு. தம்பிக்கு?" "முசிறி பக்கம்ணே. அம்மா தனியாப் போறாங்க..." முடிக்கவே விடவில்லை. "அட, இதுக்குப் போயி. அம்மா, எங்கூட வாங்க. பையக் குடுங்க இப்படி" என்று வாங்கிக்கொண்டார். கட்டட வேலையில் இருப்பவர். தன் பை இரண்டு, அம்மா பை ஒன்று, மூன்றையும் அவரே தூக்கினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தத் தானியங்கிக் கதவு முன்னால் அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்க, அண்ணன் பின்னால் இருந்து கையைக் காட்டினார். கதவு திறந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். கையில் என் தாள். அப்புறம் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் அண்ணன் போனில் இருந்து அழைப்பு வந்தது. "கேட்டுக்கு வந்துட்டோம்டா. பாட்டில வாங்கிட்டாங்க, நீ எழுதின மாதிரியே" என்றாள் அம்மா, ஏதோ பரீட்சையில் பாஸான குரலில்.

அன்றைக்குப் பையில் நோட்டு இருந்தது, படிக்கத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சீனக் குடும்பம் மொத்தமாகக் கை ஆட்டியது. ஒரு சின்னப் பையன் ஓவென்று அழுதான். இத்தனை நாளும் இதே இடத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அழுகைச் சத்தம் கேட்டால் காதில் இயர்போனை மாட்டியிருக்கிறேன். எனக்கு இது ஏசி போட்ட படிப்பறை. மற்றவர்களுக்கு என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆயிரம் பேர் ஓசிச் சாப்பாட்டுக்கு உள்ளே போனால் அப்புறம் பாதுகாப்பு எதற்கு? அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்கு முன்னால், பாதுகாப்புச் சோதனை முடித்தால் போதும், யாரும் கேட் வரைக்கும் போய் வழியனுப்பலாமாம். 2017-ல் பிட்ஸ்பர்க் விமான நிலையம், பதிவு செய்துகொண்டு சோதனைக்கு உட்பட்டால் பறக்காதவர்களும் உள்ளே வரலாம் என்று மறுபடி ஆரம்பித்தது. இங்கேயும் வயசானவர்களை வழியனுப்ப வருகிறவனுக்கு அப்படி ஒரு சீட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும். கொடுக்கிற வரைக்கும் துறையூர் அண்ணன்கள் இருக்கிறார்கள். அந்த 2019 கணவரைப் பற்றி மட்டும் இப்போது சிரிப்பதில்லை.

அம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆசையாகக் கேட்டேன். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருந்துச்சு? தோட்டம் பாத்தியா? பட்டாம்பூச்சி பாத்தியா?"

"நாற்காலிதான்டா. எல்லாரும் உக்காந்திருந்தாங்க. நானும் உக்காந்திருந்தேன்" என்றாள்.

அவ்வளவுதானாம் :-)

அடுத்த வாரம் பரீட்சை. நாளைக்குச் சாங்கிக்குத்தான் போகிறேன். கண்ணாடிப் பக்கம் இருக்கிற மேஜையை மட்டும் இனிமேல் பிடிப்பதில்லை. அது வழியனுப்ப வருகிறவர்களுக்கு.