பிடோக்கிலிருந்து சிம் லிம் வரை: ஒரு குரலுக்காக வாங்கிய கணினி

பிடோக் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பழைய ஆட்கள் ஒரு மேளக் கதை சொல்வார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கவும், ஆபத்து என்றால் ஊரைத் திரட்டவும் அடித்த பெரிய மரமேளத்துக்கு மலாய் மொழியில் 'பெடோ' என்று பெயராம். அதுதான் பிடோக் ஆனது என்பது அவர்கள் கணக்கு. மேளத்தின் பெயரைக் கொண்ட வட்டாரத்தில் இன்று யாரும் வீட்டில் மேளம் அடிக்க முடியாது. வீவக வீட்டில் ஆறு பக்கமும் அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். என் அக்கா மகன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணினியில் இசை அமைக்கப் பழகியது அதனால்தான்.

சென்ற ஆண்டு தேசிய சேவை முடிந்து வந்தவன் கையில் 1,800 வெள்ளி சேமிப்பு இருந்தது. பழைய மடிக்கணினி நான்கு பாதை பாட்டைத் திறந்தாலே திணறுகிறது, புதிதாக ஒன்றை உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டப் போகிறேன் என்றான். அவனுக்கு ஓர் அவசரமும் இருந்தது. அம்மாச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, 84 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று எதுவும் எழுதி வைக்காமல் மனத்திலேயே வைத்திருக்கிறார். பொங்கலுக்குப் பாடியபோது மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. "இந்த வருஷமே பதிவு செய்யணும் மாமா" என்றான். துணைக்கு நானும் கிளம்பினேன்.

பிடோக் ரிசர்வாயர் எம்ஆர்டி நிலையத்தில் டௌன்டவுன் ரயில் ஏறினால் எட்டாவது நிலையம் ஜாலான் புசார். 2017 அக்டோபரில் இந்தப் பகுதி திறப்பதற்கு முன், பிடோக்கில் கிழக்கு மேற்குப் பாதையில் ஏறி பூகிசில் இறங்கி நடப்போம். இப்போது ஜாலான் புசாரில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். வழியில் சுங்கை ரோடு. அங்கே ஒரு காலத்தில் எல்லோரும் 'திருட்டுச் சந்தை' என்று அழைத்த பழைய பொருள் சந்தை நடந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டு முதல் டேப் ரிக்கார்டர் அங்கே வாங்கியதுதான். அம்மா பாடியதை அப்பா அதில் ஒரு கேசட்டில் பிடித்தார். கேசட் எந்த வீடு மாறியபோது தொலைந்ததோ, தெரியவில்லை.

சிம் லிம் ஸ்குவேருக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. 2014இல் ஒரு வியட்நாம் சுற்றுப்பயணி கைத்தொலைபேசிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு மண்டியிட்டு அழுத காணொளியை யாரும் மறந்திருக்க மாட்டோம். கீழ்த்தளத்தில் கூவி அழைப்பவர்களைத் தாண்டி மேல்மாடிகளுக்குப் போய்விட வேண்டும் என்பது உள்ளூர்க்காரர்களின் பழைய பாடம். மேலே கணினி உறுப்புக் கடைகள், விலையை ஒரே தாளில் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். நாலைந்து கடைத் தாள்களை வாங்கி ஒப்பிட்டுவிட்டுத்தான் பர்சைத் திறக்க வேண்டும்.

கணினியில் இசை என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1981இல் சைனாடவுன் பர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாகக் கிரியேட்டிவ் டெக்னாலஜியைத் தொடங்கிய சிம் வோங் ஹூ. கணினி 'பீப்' என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த நாளில், 1989இல் அவர் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளுக்குக் குரல் கொடுத்தது. 2023 ஜனவரியில், 67 வயதில் காலமானார். அக்கா மகனுக்கு அவர் பெயர் தெரியவில்லை. ரயிலில் சொன்னேன். "சிங்கப்பூர்க்காரரா?" என்று கேட்டு, அங்கேயே தேடிப் படித்தான்.

அவன் எழுதி வந்த பட்டியலில் முதல் வரி 24 கோர் கொண்ட இன்டெல் ஐ9 பிராசசர். இரண்டாவது வரி 700 வெள்ளிக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கடைக்கார அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "விளையாட்டுக்கா?" என்றார். இசைக்கு என்றான். உடனே அவர் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்குமே தோன்றாதது: "மைக்கும் கணினியும் ஒரே அறையிலா?"

பிடோக்கில் வேறென்ன! ஒரே அறைதான், கட்டிலுக்கும் மேசைக்கும் இடையே நான்கடி.

அப்படியென்றால் இந்தப் பட்டியல் வேண்டாம் என்றார். அந்த ஐ9 முழு வேகத்தில் 250 வாட்டுக்கு மேல் இழுக்கும். அவ்வளவு சூட்டைத் தணிக்க மின்விசிறிகள் இரைய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அந்த இரைச்சல் பாட்டியின் மெல்லிய குரலோடு சேர்ந்தே பதிவாகும். போதாக்குறைக்கு அந்தத் தலைமுறைச் சில்லுகளில் மின்னழுத்தம் ஏறிக் கோளாறு வந்ததை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. கடையில் விற்கும் பொருளைப் பற்றிக் கடைக்காரரே இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியம்.

பிறகு நடந்தது ஒரு வகுப்பு. ஒலி ஒரு விநாடிக்கு 44,100 துண்டுகளாகப் பதிவாகிறது. கணினி அவற்றை 128, 256 என்று பொட்டலம் கட்டி வேலை செய்யும். 128 துண்டு என்றால் ஏறக்குறைய 2.9 மில்லி விநாடி. அதற்குள் அந்தப் பொட்டலத்தின் வேலையைப் பிராசசர் முடித்தாக வேண்டும். தவறினால் 'டக்' என்று ஒரு வெடிப்புச் சத்தம். பொட்டலத்தைப் பெரிதாக்கினால் பிராசசருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆனால் பாடுகிறவர் காதில் தன் குரல் தாமதமாக விழும், தாளம் தடுமாறும்.

ஒரு பாதையில் வரிசையாகக் கோத்த எதிரொலி, சமன்படுத்தி எல்லாம் ஒன்று முடிந்துதான் அடுத்தது. அதை இருபது கோருக்குப் பங்கு போட முடியாது. ஆகவே கோர் எத்தனை என்பதைவிட ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சமையலறையில் எத்தனை பேர் நின்றாலும் ஒரு சட்டி ரசத்தை ஒருவர்தானே தாளிக்க முடியும்.

கடைசியில் எடுத்தது எட்டு கோர் கொண்ட ஏஎம்டி ரைசன் 7 9700எக்ஸ். 65 வாட் ரகம். திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளேயே இருப்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதன் விசிறியும் இல்லை. மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி ஒன்று, உள்பக்கம் பஞ்சு ஒட்டிய பெட்டி ஒன்று. ரேம் 32 ஜிபி, பதினாறு பதினாறாக. வயலின் குழு, நாயனம் என்று வாத்தியக் கோப்புகளை ரேமில் ஏற்றி வைத்தால்தான் விரல் பட்டதும் ஒலிக்கும். அந்தக் கோப்புகளுக்குத் தனியாக 2 டிபி எஸ்எஸ்டி. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதைப் பார்த்தால், ஜூன் மாதமே வாங்கியது அதிர்ஷ்டம். பொருள் சேவை வரியும் சேர்த்து 1,500 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மிச்சத்தில் நல்ல மைக் வாங்கச் சொல்லி அனுப்பினார் அங்கிள். கிராஃபிக்ஸ் கார்டை விற்றிருந்தால் அவருக்கு எவ்வளவு லாபம் என்று யோசித்தபடியே, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு தேக்கா வரை நடந்து பிரியாணி சாப்பிட்டோம்.

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கணினி ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. கூரை விசிறியை நிறுத்தினோம். சன்னலை மூடினோம். அப்படியும் வெளியே குயில் ஒன்று விடாமல் கத்தியது, பிறகு பழைய சாமான் வாங்குபவரின் ஹாரன். நடவுப் பாட்டு மூன்று, தாலாட்டு ஐந்து. வியர்வையைத் துடைத்துக்கொண்டே பாடினார் அம்மா.

ஒப்பாரி என்றதும் வாயை மூடிக்கொண்டார். "உசுரோட மனுசங்க இருக்கற வீட்டுல அதப் பாடலாமாடா? போடா அங்கிட்டு."

எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. அடுத்த வாரம் பிடோக் நீர்த்தேக்கக் கரைக்கு நடக்கப் போனபோது அவரே பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். அவருடைய அம்மாவுக்காகக் கட்டிய பாட்டு. அந்தச் சாவுக்கு அவரால் ஊர் போக முடியவில்லை. கணினி வீட்டில் கிடந்தது, புது மைக்கும்தான். பையன் சத்தமில்லாமல் கைத்தொலைபேசியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தான்.

காற்றும் சைக்கிள் மணியும் கலந்த பதினோரு நிமிடம். காற்றின் இரைச்சலை மட்டும் எட்டு கோரையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறான். சைக்கிள் மணி இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.