காசிரங்காவும் ஒரு கதைப் புத்தகமும்

எங்கள் பங்கு விடுதியில் இரவுப் படிப்பு வேளை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்குப் புத்தகத்திற்குள் வேறொரு நூலை மறைத்து வாசித்துக்கொண்டிருந்தான். அதைப் பறித்துக்கொண்டேன். அவன் அழவில்லை. "முடிவை மட்டும் படித்துவிட்டுக் கொடுத்துவிடட்டுமா, சாமி?" என்று கேட்டான். நான் இசையவில்லை.

அந்நூலின் பெயர் 'தி காசிரங்கா டிரெயில்'. அசாமிய எழுத்தாளர் அரூப் குமார் தத்தா ஆங்கிலத்தில் சிறுவர்க்கென எழுதியது. டில்லி சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் 1979ஆம் ஆண்டில் வெளியிட்டது. காண்டாமிருகங்களைக் கொல்லும் கள்ளவேட்டைக்காரர்களைக் கிராமத்துச் சிறுவர் மூவர் துப்பறியும் கதை. பறித்த நானே அன்றிரவு அதைக் கீழே வைக்க மனமின்றிப் படித்து முடித்தேன். என் இளமையில் நான் வாசித்த வேட்டைக் கதைகளில், செத்த புலியின்மேல் கால்வைத்து நிற்பவனே வீரன். இங்கோ விலங்கைக் காப்பவன் வீரன்!

சில மாதங்களுக்குப்பின் அலுவலாகக் குவாஹாட்டி செல்ல நேர்ந்தது. அங்கிருந்து கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் சாலை வழியே பயணம் செய்து காசிரங்காவை அடைந்தேன். வடக்கே பிரம்மபுத்திரா, தெற்கே கார்பி மலைகள். இடையே ஆளுயரத்தையும் மிஞ்சிய யானைப்புல்லும் சதுப்பு நீர்நிலைகளும். விடியற்காலைப் பனியில் யானைமீது அமர்ந்து சென்றோம். புல் விலகியது. எதிரே தாய்க் காண்டாமிருகம் ஒன்று குட்டியுடன் நின்றது. மடிப்பு மடிப்பான தோல், கவசம் அணிந்தாற்போன்ற தோற்றம். எங்களை நோக்கிவிட்டு மீண்டும் மேயலாயிற்று.

அதன் ஒற்றைக் கொம்பு எலும்பன்று. நம் நகமும் முடியும் எப்பொருளால் ஆனவையோ அதே பொருளால் ஆனது. அது மருந்தாகும் என்ற தவறான நம்பிக்கையே அதற்கு எமனாய் வந்தது. 1908ஆம் ஆண்டில் இது ஒதுக்குக் காடாக்கப்பட்டபோது இங்கு எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. 1974இல் தேசியப் பூங்காவாயிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2613 காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்கு மதிப்பில்லை என உலகறியச் செய்ய, அசாம் அரசு 2021 செப்டம்பர் 22 அன்று தன் இருப்பிலிருந்த 2479 கொம்புகளைத் தீயிட்டு எரித்தது.

ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பெருக்கெடுத்துக் காட்டை மூழ்கடிக்கிறது. அவ்வெள்ளமே நீர்நிலைகளைப் புதுப்பித்துப் புல்லை வளர்க்கிறது. ஆயினும் மேட்டுநிலம் தேடும் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து மலைப்பக்கம் ஓட நேரிடுகிறது. அப்போது அவற்றுக்கு வாகனங்களாலும் ஆபத்து, வேட்டைக்காரராலும் ஆபத்து.

காவல் குடிலொன்றில் முதிய காவலரிடம் அக்கதையைச் சொன்னேன். அவர் புன்னகைத்தார். "வெளியிலிருந்து வருபவனிடம் துப்பாக்கி இருக்கும், ஐயா, வழி தெரியாது. வழிகாட்ட எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வேண்டும். வறுமையைக் காட்டி அவனை விலைக்கு வாங்குவார்கள். அந்த ஒருவன் மறுத்துவிட்டால் விலங்கு பிழைக்கும்" என்றார். கதையாசிரியர் கிராமத்துச் சிறுவரையே ஏன் தலைவர்களாக்கினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வழிகாட்டப்போவதும் மறுக்கப்போவதும் நாளை அப்பிள்ளைகளே அல்லரோ?

ஊர் திரும்பியதும் அம்மாணவனை அழைத்து நூலைக் கொடுத்தேன். அதற்குள் அவன் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தான். "உன்னிடமிருந்து இதைப் பறித்தது என் தவறு" என்றேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தான்.

பெற்றோரே, பாடநூலுக்குள் உங்கள் பிள்ளை கதை நூலை ஒளித்து வைத்திருக்கக் கண்டால், பறிக்குமுன் ஒருமுறை நீங்களும் அதைப் படித்துப் பாருங்கள்.