இரண்டு மணி நிழல்

வேலூர். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் மண் தரை, கார்கள் நிறுத்தும் இடமாக இருக்கிறது. மொத்தத் தரைக்கும் ஒரே ஒரு வேப்பமரம். அதனடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், காக்கிச் சட்டை போட்ட பெரியவர். கையில் டோக்கன் கட்டு.

வெள்ளைக் கார் ஒன்று உள்ளே நுழைந்து மர நிழலை நோக்கி நகர்கிறது. பெரியவர் கையை ஆட்டித் தடுக்கிறார்.

“அங்க வேணாம் சார். இந்தாண்ட வுடுங்க. ரெண்டு மணிக்கு நெழலு இங்கதான் வரும்.”

அவர் காட்டும் இடம் மரத்துக்குக் கிழக்கே, இப்போது கொதிக்கும் வெயிலில் கிடக்கிறது. காரின் முகப்பையும் கிழக்குப் பார்க்கத் திருப்பச் சொல்கிறார். உச்சி தாண்டிய வெயில் அகலமான முன்கண்ணாடியில் நேராக விழாமல் இருக்க அதுதான் வழி.

காரிலிருந்து கணவனும் மனைவியும் இறங்குகிறார்கள். பின்சீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறது.

“எழுப்பினா அழும்மா. ஏசி குளிர்ச்சி இன்னும் இருக்கு. கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வச்சிடுறேன். பில் போட்ட துணிய வாங்கிட்டு வர அஞ்சு நிமிஷம்” என்கிறார் கணவர். மனைவி தயங்கி நிற்கிறாள்.

டோக்கனைக் கிழிக்கப் போன பெரியவரின் கை நின்றுவிடுகிறது. “கொயந்தைய தூக்கினு போம்மா. அயுதா அயுவட்டும்.”

அவர் எந்த ஆய்வையும் படித்திருக்க மாட்டார். ஆய்வு சொல்வதும் அதைத்தான். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து டேஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கிறது. அவை திருப்பி விடும் வெப்பக் கதிர், வந்த வழியே வெளியேறக் கண்ணாடி விடுவதில்லை. சூடான காற்றுக்கும் போக்கிடம் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது என்று 2005-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கண்ணாடியை விரல் அளவுக்கு இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை என்பதும் அதில் உண்டு. குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறாள். அது சிணுங்கிவிட்டு மறுபடி கண்ணை மூடுகிறது. அதன் பிறகே டோக்கன் கிழிபடுகிறது. அதில் பேனாவால் நேரம்: 12.40.

மறுகோடியில் காலையிலிருந்து வெயிலில் நின்ற கால் டாக்ஸிக்கு அதன் டிரைவர் வருகிறார். இளைஞர். ஸ்டியரிங்மேல் போட்டிருந்த துண்டை எடுக்கிறார். இடதுபக்கப் பின்கண்ணாடியை முழுக்க இறக்குகிறார். பிறகு வலதுபக்க முன்கதவைப் பிடித்து விசிறிபோல் ஆறேழு தடவை திறந்து மூடுகிறார். உள்ளே அடைந்திருந்த அனல் எதிர் ஜன்னல் வழியே குபுகுபுவென்று வெளியேறுகிறது. வண்டியைக் கிளப்பியும் கண்ணாடிகளை ஏற்றவில்லை. ஏசி ஓட, ஜன்னல் திறந்திருக்க, தெருமுனை வரை அப்படியே போவார். வெக்கை போன பிறகுதான் கண்ணாடி ஏறும். வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழல விடும் பொத்தானுக்கும் அப்போதுதான் வேலை.

அரிசோனாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களுக்குள் சராசரி வெப்பம் 47 டிகிரி. ஸ்டியரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்றவற்றுக்குள்ளும் 38 இருந்தது. டேஷ்போர்டு 48. நிழல் சூட்டைக் குறைக்கும். குழந்தையை விட்டுப்போக அது போதாது.

கணவனும் மனைவியும் துணிப்பைகளோடு திரும்புகிறார்கள். பெரியவர் டோக்கனை வாங்கிப் பார்க்கிறார். இப்போது மணி 1.25. கவுண்டரில் கூட்டம், துணியில் ஒரு கறை, மாற்றிக் கொடுக்கத் தாமதம். அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணியாகிவிட்டது. வேப்பமர நிழல் காரின் பின்பக்கத்தைத் தொட்டிருக்கிறது. கணவர் சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். தூங்கும் மகளின் தொடையையும் அந்தக் கொக்கியையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை. நான்கு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

பெரியவர் அதற்குள் அடுத்த காரிடம் போய்விட்டார். கண்ணாடியில் கை குவித்து முதலில் பின்சீட்டைப் பார்க்கிறார், பிறகுதான் டோக்கன். இந்தப் பழக்கம் அவரிடம் மட்டும் இருந்தால் போதாது. கார் ஓட்டும் ஒவ்வொருவரும் இறங்கியதும் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டே பூட்ட வேண்டும். பூட்டிய காருக்குள் தனியாக ஒரு குழந்தையைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று கடந்து போகக் கூடாது. உடனே 112-ஐ அழைக்க வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தால், அதற்குத் தள்ளி இருக்கும் ஜன்னலை உடைக்கவும் தயங்கக் கூடாது. கண்ணாடியை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம்.