கொரோனாவில் ஒரு பகல்: லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் வீடு

நியூயோர்க்கில் இருக்கும் பிள்ளைகளிடமோ உறவினரிடமோ விடுமுறைக்குப் போகின்ற நம்மவர்கள் ஏறத்தாழ ஒரே பட்டியலுடன்தான் விமானம் ஏறுகிறார்கள். சுதந்திரச் சிலை, டைம்ஸ் சதுக்கம், எம்பயர் ஸ்டேட் கட்டடம், நேரம் மிஞ்சினால் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகம். தங்குவது குயின்ஸில் என்றாலும் பார்ப்பதெல்லாம் மன்ஹற்றனில்தான். "குயின்ஸில் கோவிலைத் தவிர என்ன இருக்கிறது?" என்று அங்கே இருபது வருடங்களாக வாழ்கிறவர்களே கேட்பதுண்டு. இருக்கிறது என்பதைச் சொல்வதற்கே இந்தப் பத்தி. ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால், அந்த நாளை ஒரு சிறிய வீட்டைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

குயின்ஸின் கொரோனாப் பகுதியில், 107ஆம் வீதியில் இருக்கிறது அந்த வீடு. 1943இல் இருந்து 1971 ஜூலை 6இல் உறக்கத்திலேயே இறக்கும்வரை ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங் அங்கேதான் வாழ்ந்தார். அதை வாங்கியவர் அவருடைய மனைவி லூசில். கொட்டன் கிளப்பில் நடனமாடியவர். கணவர் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது அவரிடம் சொல்லாமலே வாங்கி, பின்னர் விலாசத்தை மட்டும் அனுப்பினார். நள்ளிரவில் டாக்ஸியில் வந்திறங்கிய ஆம்ஸ்ட்ரோங், இவ்வளவு நல்ல வீடு தன்னுடையதாக இருக்க முடியாது என்று சாரதியுடன் வாதாடினாராம். கொரோனா என்ற பெயர் 2020க்குப் பிறகு வேறு நினைவுகளைக் கொண்டுவருகிறது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் நியூயோர்க்கில் நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களுள் இதுவும் ஒன்று. பெயர் என்னவோ அதற்கு நூற்றைம்பது வருடம் மூத்தது.

பயணத் திட்டத்தில் இந்த வீட்டையே முதலில் வைக்க வேண்டும். மற்ற இடங்களை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம். இங்கே சிறு குழுக்களாக, குறித்த நேரத்துக்கு வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுவார்கள். வாரத்தின் எல்லா நாட்களிலும் திறந்திருப்பதும் இல்லை. எனவே நாளையும் நேரத்தையும் முன்னரே பார்த்து நுழைவுச்சீட்டைப் பதிவுசெய்துவிட்டு, மிகுதியை அதற்கேற்ப அடுக்குவது நல்லது. ஏழாம் இலக்க ரயிலில் 103ஆம் வீதி நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. விரைவு ரயில் அங்கே நிற்காது. சாதாரண ரயிலில் ஏறுங்கள். ரயில் பெரும்பகுதி நிலத்துக்கு மேலே, றூஸ்வெல்ற் அவெனியூவின் தலைமேல் ஓடுகிறது. ஜாக்சன் ஹைற்ஸில் நம்முடைய புடைவைக் கடைகளையும் பலசரக்குக் கடைகளையும் கடந்தால், அடுத்த பத்து நிமிடங்களில் பெயர்ப்பலகைகள் எல்லாம் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடும்.

வீடு வெளியில் இருந்து பார்க்க ஒன்றுமில்லை. செங்கல் முகப்பு, சிறிய படிக்கட்டு, பக்கத்தில் ஒரு தோட்டம். அந்தப் படிக்கட்டில் அயல் வீட்டுப் பிள்ளைகளுடன் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை நீங்கள் எங்கேனும் பார்த்திருக்கக்கூடும். 1964இல் "ஹலோ டொலி" பாடலுடன் பீட்டில்ஸை முதலிடத்தில் இருந்து இறக்கியபோது அவருக்கு வயது 62. விரும்பிய இடத்தில் மாளிகை வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. ஆனாலும் வருடத்தின் பெரும்பகுதியை ஹோட்டல் அறைகளிலேயே கழித்த அந்த மனிதர், திரும்பி வரும்போது இந்தத் தெருவுக்குத்தான் வந்தார்.

உள்ளே ஆடம்பரம் இல்லாமல் இல்லை. குளியலறைச் சுவர்கள் முழுவதும் கண்ணாடி; குழாய்களுக்குத் தங்க முலாம். சமையலறை அலுமாரிகள் பளபளக்கும் நீல நிறம். ஆறு வயதிலிருந்து தெருவில் உழைத்த நியூ ஓர்லியன்ஸ் பையன் ஒருவனுக்கு மனைவி கட்டிக்கொடுத்த அரண்மனை என்று நினைத்தால் அந்தக் குழாய்கள் நமக்கு வேடிக்கையாகத் தெரியா. ஆனால் நான் நின்றுவிட்டது மேல்மாடியில் உள்ள அவருடைய சொந்த அறையில். பெரிய மேசை, சுவரோடு பதித்த இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள், பாடகர் டொனி பெனற் தம் கையால் வரைந்த ஆம்ஸ்ட்ரோங்கின் ஓவியம்.

ஒலிப்பதிவுக் கருவி வீட்டுப் பாவனைக்கு வந்த காலத்திலேயே அவர் ஒன்றை வாங்கிவிட்டார். 1950களின் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை பதிந்துகொண்டே இருந்தார். 600க்கும் மேற்பட்ட நாடாக்கள். அவற்றில் இசைத்தட்டுகளில் இருந்து எடுத்த இசையும் உண்டு, நண்பர்களுடன் சாப்பாட்டு மேசையில் பேசிய பகிடிகளும் உண்டு, மனைவியுடன் நடந்த வாக்குவாதங்களும் உண்டு. நாடாப் பெட்டிகளின் மேல் பத்திரிகைத் துண்டுகளையும் படங்களையும் வெட்டி ஒட்டித் தாமே அலங்கரித்தார். ஒவ்வோர் அறையிலும் வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த அறையின் சொந்தக்காரர் பேசத் தொடங்குவார். கரகரத்த அந்தக் குரலைப் பாடலில் கேட்டுப் பழகிய நமக்கு, அதே குரல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்கும்போது ஒரு கூச்சமே வருகிறது. அழையாத வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்ற கூச்சம்.

எண்பதுகளில் மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போன பிள்ளைகளுக்கு நம்முடைய தாய்மார் கசற்றில் பேசி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கோழி கூவுவதும், யாரோ படலை திறப்பதும், இடையில் குண்டுச் சத்தமும் பதிந்த கசற்றுகள். அவற்றின் மேலேயே பின்னர் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டோம். அளவெட்டியிலும் இணுவிலிலும் வாழ்ந்த பெரும் நாதஸ்வர, தவில் வித்துவான்களின் கச்சேரிகள் சில பதிவாகி இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசிய பேச்சு எங்கே? இந்த வீட்டில் நின்றுகொண்டு அப்படிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. லூசில் 1983இல் இறக்கும்போது வீட்டை நியூயோர்க் நகரத்துக்கு எழுதிவைத்தார். 2003இல் அது நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. வீதியின் மறுபக்கத்தில் 2023இல் புதிய நிலையமும் கட்டப்பட்டது. நாடாக்களும் கடிதங்களும் கைப்பிரதிகளும் அடங்கிய ஆவணக் காப்பகம் இப்போது அங்கே இருக்கிறது. அவசரப்படாமல் அதையும் பாருங்கள்.

ஆம்ஸ்ட்ரோங்கின் சிரித்த முகத்தைப் பார்த்து, வெள்ளையருக்குச் சிரித்துக் காட்டிப் பிழைத்தவர் என்று இளைய கறுப்பினக் கலைஞர் சிலரே அவரை இகழ்ந்தனர். ஒரு பத்திரிகைக்காரன் என்ற வகையில் இதற்குப் பதிலாக எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1957 செப்டெம்பர். ஆர்கன்சோ மாநிலத்தின் லிற்றில் றொக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பது பேரைப் பாடசாலைக்குள் நுழையவிடாமல் ஆளுநர் படையை நிறுத்தியிருந்தார். ஆம்ஸ்ட்ரோங் அப்போது நோர்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிறு நகரில் கச்சேரிக்காகத் தங்கியிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை செய்த லாரி லூபனோ என்ற 21 வயது மாணவர், ஹோட்டல் பணியாளருடன் ஏற்பாடு செய்து, இரவுச் சாப்பாட்டுத் தட்டுடன் அறைக்குள் நுழைந்துவிட்டார். அரசியல் பேசாதே என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் லிற்றில் றொக்கைப் பற்றிக் கேட்டான். ஆம்ஸ்ட்ரோங் கொதித்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குத் துணிவில்லை என்றார். தம் மக்களை இப்படி நடத்தும் அரசாங்கத்துக்காகச் சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்க மாட்டேன் என்றார்.

செய்தி நிறுவனத்தின் ஆசிரியர் இதை நம்ப மறுத்தார். ஆதாரம் கேட்டார். மறுநாட் காலை பையன் எழுதிய பிரதியுடன் திரும்பவும் போனான். ஆம்ஸ்ட்ரோங் அதைப் படித்துவிட்டு, சரியே என்ற பொருளில் ஒரு சொல்லை அடியில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அவருடைய பயண முகாமையாளர் பின்னர் பூசி மெழுக முயன்றபோது அதையும் மறுத்துவிட்டார். வானொலி நிலையங்கள் சில அவர் பாடலை நிறுத்தின. செப்டெம்பர் 24ஆந் திகதி ஐசன்ஹோவர் லிற்றில் றொக்குக்குப் படை அனுப்பினார். பேட்டி கொடுத்துவிட்டு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுநாள் தொலைபேசி எடுக்கும் பெரியவர்களோடு காலம் கழித்த எனக்கு, அந்தக் கையொப்பம் அவருடைய ட்ரம்பெட் வாசிப்புக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

வீட்டை விட்டு வரும்போது நண்பகலாகியிருக்கும். 108ஆம் வீதி வழியே தெற்கே அரை மணிநேரம் நடந்தால் 1944 முதல் இயங்கும் எலுமிச்சை ஐஸ் கடை ஒன்று வரும். கோடை என்றால் தவற விடாதீர்கள். அங்கிருந்து ஃபிளஷிங் மெடோஸ் பூங்கா கிட்டத்தான். 1964ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகச் செய்த, 120 அடி விட்டமுள்ள உருக்கு உலகுருண்டை அங்கே நிற்கிறது. பக்கத்துக் குயின்ஸ் நூதனசாலையில் முழு நியூயோர்க் நகரத்தின் மாதிரி ஒன்று இருக்கிறது: 8 இலட்சத்து 95 ஆயிரம் கட்டடங்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1946 முதல் 1950 வரை கூடியதும் இதே கட்டடத்தில்தான். 1947 நவம்பர் 29இல் பலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் நிறைவேறியதும் இங்கேதான். பூங்காவில் உள்ள ரெனிஸ் அரங்குகளுள் ஒன்றுக்கு ஆம்ஸ்ட்ரோங்கின் பெயர் இட்டிருக்கிறார்கள். முதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதானால் பூங்காவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடை அதிகம், நிழல் குறைவு.

மீண்டும் ரயிலேறி மெயின் வீதிக் கடைசி நிலையத்தில் இறங்கி, ஒரு டாக்ஸியில் ஃபிளஷிங் சேமக்காலைக்குப் போகலாம். மாலையானதும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் கோவிலுக்கு முன் இதை முடித்துவிட வேண்டும். ஆம்ஸ்ட்ரோங்கின் கல்லறையில் வெள்ளை ட்ரம்பெட் ஒன்று படுத்திருக்கிறது, கண்டுபிடிப்பது சுலபம். ட்ரம்பெட்டில் அவருக்குப் பின்வந்த பெரும் கலைஞர் டிஸி கிலெஸ்பியும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவரும் கொரோனாவில் குடியிருந்தவர். ஆம்ஸ்ட்ரோங்கை முதலில் இகழ்ந்து பின்னர் மனம் மாறிப் போற்றியவர். அவருடைய புதைகுழிக்குப் பெயர்க்கல் இல்லை.

அங்கிருந்து மேற்கே அரை மணிநேர நடையில் பௌன் வீதிப் பிள்ளையார் கோவில். ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய செட்டிநாட்டுத் தமிழர் அழகப்பா அழகப்பன் முன்னின்று எழுப்பியது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை கிடைக்கும். பகல் முழுவதும் நடந்த கால்களுக்கு அதுவே போதும். கோவிலின் குடமுழுக்கு நடந்தது 1977 ஜூலை 4இல். ஆம்ஸ்ட்ரோங் வாழ்நாள் முழுவதும் தம் பிறந்தநாள் என்று நம்பிக் கொண்டாடியதும் ஜூலை 4ஐத்தான். அது 1901 ஆகஸ்ட் 4 என்று காட்டும் ஞானஸ்நானப் பதிவு அவர் இறந்த பின்னர்தான் கிடைத்தது. வெளியில் வந்து அதே வீதியில் வடக்கே நடந்தால், 1661இல் கட்டிய ஜோன் பௌனின் வீட்டைக் காணலாம். குவேக்கர்களைத் தம் வீட்டில் வழிபட அனுமதித்ததற்காக ஒல்லாந்த ஆளுநரால் 1662இல் சிறையிடப்பட்டவர் அவர்; வீதியின் பெயர் அவருடையது. மெயின் வீதி நிலையம் அங்கிருந்து பத்து நிமிடம். ஏழாம் இலக்க ரயில் அங்கேதான் புறப்படுகிறது. எந்த நேரமானாலும் இருக்கை கிடைக்கும்.